ஒரே பிரயாணம், மூன்று டிக்கெட்டுகள்

பெங்களூர் மாநகரின் எல்லைப்புறத்தில் குடியிருக்கும் ஒரு தொழிலாளி, வேலைக்குச் செல்ல முதலில் பஸ்ஸிலும், பின்னர் மெட்ரோ இரயிலிலும், மீண்டும் பஸ்ஸிலும் ஏற நேரிடலாம். பிரயாணம் ஒன்றே, டிக்கெட்டுகள் மூன்று. இதனால் அவருக்கு உண்டாகும் அதிகச் செலவின் காரணம் ஆராயத்தக்கது.

நகர பஸ்களை 1997ஆம் ஆண்டு முதல் பெங்களூர் மாநகரப் போக்குவரத்துக் கழகம் நடத்தி வருகிறது. பாதை ஸ்டேஜ்களாகப் பிரிக்கப்பட்டு, கடக்கும் ஸ்டேஜ்களுக்கேற்பக் கட்டணம் பெறப்படுகிறது. 2011 அக்டோபர் 20ஆம் நாள் தொடங்கப்பெற்ற ‘நம்ம மெட்ரோ’வில் நிலையங்களுக்கு இடையேயுள்ள தூரமே அடிப்படை. 2025 பிப்ரவரியில் வகுக்கப்பட்ட விகிதப்படி, 2 கிலோமீட்டர் வரை 10 ரூபாய். 30 கிலோமீட்டருக்கு 90 ரூபாய். அதாவது, 2 கிலோமீட்டர் செல்வோருக்குக் கிலோமீட்டருக்கு 5 ரூபாயாகும் செலவு, நெடுந்தூரம் செல்வோருக்கு 3 ரூபாயாகக் குறைகிறது.

தூரம் கூடக்கூட விகிதம் குறைவது பிரயாணிக்கு நன்மையே. ஆனால், மெட்ரோவிலிருந்து பஸ்ஸுக்கு மாறியவுடன் இந்நன்மை அறுபட்டுவிடுகிறது. மெஜஸ்டிக்கில் ஊதாப் பாதையிலிருந்து பச்சைப் பாதைக்கு மாறுவோருக்குப் புதிய டிக்கெட் வேண்டியதில்லை. அருகிலுள்ள கெம்பேகவுடா பஸ் நிலையத்துக்குச் சென்று பஸ் ஏறுவோருக்கோ முதல் ஸ்டேஜிலிருந்தே கணக்குத் தொடங்குகிறது. 2023 ஜூன் 11 முதல் கர்நாடகப் பெண்கள் சாதாரண பஸ்களில் இலவசமாகச் செல்ல வழிசெய்த ‘சக்தி’ திட்டமும் மெட்ரோவுக்குப் பொருந்தாது.

ஜெர்மனியின் பெர்லின் நகரில் முறை வேறு. அங்கு வண்டிக்கன்று, பிரயாணத்துக்கே கட்டணம். நகரின் நடுப்பகுதி ஏ, அதைச் சூழ்ந்து நகர எல்லை வரையுள்ள பகுதி பி, புறநகர்ப் பகுதி சி என மூன்று வட்டாரங்கள் உள்ளன. ஒரு டிக்கெட்டைக் கொண்டு, ஒரே திசையில், இரண்டு மணி நேரம் வரை இரயில், டிராம், பஸ் எதிலும் மாறிச் செல்லலாம். நிலையங்களில் தடுப்புக் கதவுகள் இல்லை. பிரயாணியே இயந்திரத்தில் டிக்கெட்டுக்கு முத்திரையிட்டுக்கொள்கிறார். டிக்கெட்டின்றிப் பரிசோதகரிடம் அகப்பட்டால் 60 யூரோ செலுத்த வேண்டும்.

பல நிர்வாகங்கள் ஓட்டும் வண்டிகளுக்கு ஒரே டிக்கெட் எவ்வாறு இயலும்? வசூலாகும் தொகையைப் பொதுவில் சேர்த்து, பின்னர் உரிய முறையில் பங்கிட்டுக்கொள்கின்றனர். இத்தகைய கூட்டமைப்பை ஹாம்பர்க் நகரம் 1965ஆம் ஆண்டிலேயே ஏற்படுத்தியது.

பெங்களூரிலும் போக்குவரத்துத் துறைகளை ஒருங்கிணைக்கும் பொருட்டு, 2022ஆம் ஆண்டில் பெருநகர நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கான சட்டம் நிறைவேற்றப்பட்டது. எனினும், எல்லா வண்டிகளுக்கும் ஒரே அட்டை வழங்குவது மட்டும் போதாது. அட்டை சில்லறைத் தொல்லையை நீக்கும். வண்டி மாறுந்தோறும் புதிதாகத் தொடங்கும் கட்டணத்தை நீக்காது. அதற்கு வருவாயைப் பங்கிடும் உடன்பாடு இன்றியமையாதது.

ஆசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு, அவர்தம் குடும்பத்தினர் ஒரு நாளில் வாங்கும் டிக்கெட்டுகளையும் செல்லும் தூரத்தையும் குறித்து, கிலோமீட்டருக்கு ஆகும் செலவைக் கணக்கிடச் செய்யலாம். வண்டி மாறுவோர் எவ்வளவு மிகுதியாகச் செலுத்துகின்றனர் என்பது அக்கணக்கிலேயே விளங்கும்.