செம்மணலில் ஒரு விசிறி

குலசேகரன்பட்டினத்துக்கு வருகிறவர்கள் முத்தாரம்மனைக் கும்பிட்டு, கடலில் கால் நனைத்துத் திரும்பிவிடுகிறார்கள். இன்னும் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, வடமேற்கே குதிரைமொழித் தேரிக்குப் போய்ப் பாருங்கள். கண்ணுக்கெட்டும் தூரம் செம்மணல் மேடுகள். நடுவே பனை, வடலி, குடை பிடித்தாற்போன்ற உடைமரம், முந்திரி.

தேரி காற்று கட்டிய நிலம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாயும் தென்மேற்குப் பருவக்காற்று பல்லாயிரம் ஆண்டுகளாக மணலை வாரிவந்து இங்கே குவித்தது. மணலின் ஒவ்வொரு துகள் மீதும் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதால்தான் இந்தச் சிவப்பு. இந்தத் தேரிகளில் வாழ்ந்த பழைய வேட்டை மனிதர்களின் நுண்கல் கருவிகளைப் பற்றி சாய்னர், ஆல்ச்சின் என்னும் ஆய்வாளர்கள் 1956இல் விரிவாக எழுதினார்கள்.

வெயில் ஏறும் நேரத்தில் சிறு கல்லின் மேலோ குத்துச்செடியின் அடியிலோ கண் வையுங்கள். விரல் நீள உடலும் அதைவிட நீண்ட வாலும் கொண்ட மண்ணிற ஓணான் ஒன்று நிமிர்ந்து நிற்கும். திடீரென்று அதன் தொண்டைத் தோல் ஓலை விசிறிபோல விரிந்து மடங்கும். அதுதான் விசிறித்தொண்டை ஓணான். விசிறி ஆணுக்கு உரியது. இனப்பெருக்க காலத்தில் பெண்ணை அழைக்கவும், மற்ற ஆண்களை எல்லைக்கு வெளியே நிறுத்தவும் அதை விரித்துக் காட்டுகிறது. ஆபத்து வந்தால் பின்னங்கால் இரண்டில் எழுந்து ஓடும். மற்ற ஓணான்களுக்குப் பின்னங்காலில் ஐந்து விரல், இதற்கு நான்குதான்.

இதன் பேரினத்துக்கு 1829இல் ‘சிட்டானா’ என்று பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் கூவியே. அவர் விவரித்த இனத்தின் பெயரில் புதுச்சேரி இருக்கிறது. 2016இல் புதிதாக விவரிக்கப்பட்ட இரண்டு இனங்களுக்கோ தமிழ்ச் சொற்களையே சூட்டினார்கள்: ஒன்று ‘விசிறி’; மற்றொன்று, தென் தமிழகத்தில் கண்ட ‘மருதம்நெய்தல்’. வயலும் கடலோரமுமான நம் பழைய திணைப் பெயர்கள் இன்று உலக அறிவியல் ஏடுகளில் ஓர் ஓணானின் பெயராக நிற்கின்றன.

தேரியை வறண்ட பொட்டல் என்று எண்ணிவிடாதீர்கள். பெய்யும் மழையை ஓடவிடாமல் உறிஞ்சி அடியில் சேர்த்துவைக்கும் மண் இது. மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலின் சுனையே அதற்குச் சாட்சி. இந்தச் செம்மண் பகுதிகளின் தாழ்ந்த இடங்களில் நீர் தேங்கும் பரப்புகளை ‘தருவை’ என்பார்கள். சாத்தான்குளம் பக்கத்துப் புத்தன்தருவை, வைரவம்தருவை ஆகியவற்றுக்குத் தாமிரபரணியின் உபரி நீரும் சடையநேரிக் கால்வாய் வழியே வந்து சேர்கிறது. நல்ல மழை பெய்த ஆண்டில், மார்கழி, தை மாதங்களில் தருவைக் கரையில் நின்றால் நாரைகளையும் நீர்க்காகங்களையும் காணலாம்.

பூக்களுக்கும் அதுவே பருவம். ஆவாரை மஞ்சளாகவும், கொழிஞ்சி ஊதாவாகவும், தும்பை வெள்ளையாகவும் பூத்திருக்கும். கடற்கரைக்குத் திரும்பினால் மணலோடு படர்ந்த அடம்புக் கொடியின் ஊதாப்பூ. பக்கத்திலேயே இராவணன் மீசை. அதன் முள்ளுருண்டைக் காய்க்கொத்து காற்றில் உருண்டோடி விதை பரப்பும். இரண்டும் வேரால் மணலைக் கட்டி வைத்திருக்கும் செடிகள்.

2024 பிப்ரவரி 28இல் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இனி உலகமே இவ்வூரை அண்ணாந்து பார்க்கும். நாம் கொஞ்சம் குனிந்தும் பார்ப்போம். வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, பாதை விலகாமல், மெதுவாக நடங்கள். மணல்மேட்டில் வண்டி ஏற்றாதீர்கள், பூவைப் பறிக்காதீர்கள். பெண் ஓணான் குழி பறித்து முட்டையிட்டு மூடுவது இந்த மண்ணுக்குள்தான். நம் காலடியில் அடுத்த தலைமுறை உறங்கிக்கொண்டிருக்கலாம்.