டிரெய்லர் டயர் மாற்ற ஜாக்கி மட்டும் போதாது

கரும்போ நெல்லோ ஏற்றிச் செல்லும் டிராக்டர் டிரெய்லரின் டயர் வழியில் வெடித்தால் பலர் ஜாக்கியை மட்டுமே நம்புகின்றனர். ஈர மண்ணில் ஜாக்கி புதைந்து சாயும். டிரெய்லர் சரிந்தால் உயிருக்கே ஆபத்து.

எனவே ஸ்டெப்னி, பாரம் தாங்கும் ஜாக்கி, அதன் அடியில் வைக்க 2 அங்குலக் கனமுள்ள அகலப் பலகை, வீல் ஸ்பேனர், இறுகிய நட்டைத் தளர்த்த அதில் செருகும் இரும்புக் குழாய், 2 முட்டுக்கட்டைகள், டார்ச் விளக்கு ஆகியவற்றை உடன் கொண்டு செல்ல வேண்டும்.

டிரெய்லரை டிராக்டரிலிருந்து கழற்றாமல் பிரேக் போட்டு, மறுபக்கச் சக்கரத்தின் முன்னும் பின்னும் கட்டை வைக்கவும். தூக்குமுன்பே நட்டுகளைச் சற்றுத் தளர்த்தவும். ஜாக்கியின் திறனுக்கு மேல் பாரமிருந்தால் இறக்கிய பிறகே தூக்கவும். அடியில் நுழையக் கூடாது. புதுச் சக்கரத்தின் நட்டுகளை எதிரெதிராக முடுக்கவும். சிறிது தூரம் ஓடியதும் மீண்டும் முடுக்குவது அவசியம்.