இரத்மலானையில் விழிப்புலனற்றோர் கல்வி

இலங்கையில் விழிப்புலனற்ற பிள்ளைகளின் கல்வி முறையாக வேரூன்றிய இடம் இரத்மலானை. தெஹிவளை–கல்கிசை மாநகரசபை எல்லைக்குள் அதற்கான பாடசாலை இருக்கிறது. இங்கிலாந்துத் திருச்சபையின் செனானா மிஷனரிச் சங்கத்தைச் சேர்ந்த மேரி சப்மன் 1912 இல் இந்தப் பணியைத் தொடங்கினார். செவிப்புலனற்றோரும் விழிப்புலனற்றோரும் அன்று ஒரே நிறுவகத்தில் சேர்க்கப்பட்டார்கள். சப்மன் பின்னர் பர்மாவுக்குச் சென்று 1920 இல் ரங்கூனில் அமைத்த செவிப்புலனற்றோர் பாடசாலை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

தமிழகத்தில் இந்தப் பணி இன்னும் முந்தியது. 1890 இலேயே ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் விழிப்புலனற்றோருக்குப் பாடசாலை திறந்துவிட்டார்.

அக்காலப் பாடசாலைகள் பலவற்றில் பிரம்பு பின்னுதல், நெசவு போன்ற கைத்தொழில்களே முதன்மை பெற்றன. அந்த எல்லையை உடைத்தது விரலால் தொட்டு வாசிக்கும் பிரெயில் எழுத்து. ஆறு புள்ளிகள்தாம் அடிப்படை. முதலாம், மூன்றாம் புள்ளிகள் சேர்ந்தால் ‘க’. அச்சில் ‘கெ’யின் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும். பிரெயிலில் ககரம் முதலில் வர, எகரம் பின்னால் வரும். விரல் படிப்பது ஒலியின் வரிசையை. ஊசியால் எழுதும் மாணவர் வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைப் புரட்டி இடமிருந்து வலமாக வாசிக்கிறார்.

இரத்மலானைப் பாடசாலையின் தலைமையில் தனித்து நிற்கும் பெயர் கிங்ஸ்லி தசநாயக்க. விழிப்புலனற்றோர் பாடசாலையின் அதிபராக இருந்த அவர், உடற்குறை உள்ள சிறுவர்களும் சாரணர் ஆகலாம் என்பதை உலகச் சாரண இயக்கத்துக்கே எடுத்துச் சென்றார். அவ்வியக்கத்தின் மிக உயர்ந்த விருதான வெண்கல ஓநாய் அவருக்குக் கிடைத்தது. பிள்ளைக்கு அடைக்கலம் கொடுப்பதோடு நில்லாமல் வெளியுலகில் பங்கும் கேட்ட அந்தத் துணிவே உண்மையான தலைமை.

தமிழ்ப் பிள்ளைகள் தாய்மொழியில் படிப்பதற்கு யாழ்ப்பாணத்துக் கைதடியில் 1956 இல் உருவான நவீல்ட் பாடசாலை வழி செய்தது.

இரத்மலானைப் பாடசாலை இப்போது அரச உதவி பெறும் விசேட பாடசாலைகளில் ஒன்று. 1960களின் இறுதியிலிருந்து விழிப்புலனற்ற பிள்ளைகள் சாதாரண பாடசாலைகளிலும் சேர்க்கப்பட்டு வருகிறார்கள். அங்கே பிரெயில் தெரிந்த ஓர் ஆசிரியர் இருந்தால்தான், பிள்ளை குத்திய விடையைப் பாட ஆசிரியர் வாசிக்கும்படி சாதாரண எழுத்தில் பெயர்த்துக் கொடுக்க முடியும்.