வலிப்பு நோயும் மருந்தின் காவலும்

நோயைக் காட்டிலும் அதனைப் பற்றிய அச்சமே மிகுந்த துன்பம் தருவது வலிப்பு நோயில்தான் எனலாம். காக்கைவலிப்பு என வழங்கும் இந்நோயைப் பேயின் செயலென்றும் சாபமென்றும் கருதி மறைத்தோர் பலர். ஆயின், இது மூளையைச் சார்ந்த நோயே என்பதை ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் பண்டைய கிரேக்க மருத்துவ நூல் அன்றே உரைத்தது.

மூளையின் நரம்பணுக்கள் நுண்ணிய மின்துடிப்புகளால் செய்தி பரிமாறுகின்றன. அவற்றுட் பல ஒரே வேளையில் கட்டுமீறித் துடிக்கும்போது வலிப்பு எழுகிறது. சிலருக்குக் கைகால்கள் வெட்டியிழுக்கும், நினைவு தவறும். வேறு சிலர் சில நொடிகள் வெறித்து நோக்கிப் பின் மீள்வர். வகுப்பறையில் இதனைக் கவனக்குறைவென எண்ணிவிடுதலும் உண்டு.

1912இல் ஃபினோபார்பிட்டோனும் 1938இல் ஃபெனிடாயினும் இந்நோய்க்குப் பயன்படும் என அறியப்பட்டன. பின்னர் கார்பமசிபின், வால்ப்ரோயேட் முதலியன வந்தன. ஃபெனிடாயினும் கார்பமசிபினும் நரம்பணுவுக்குள் சோடியம் பாயும் வழியைத் தடுத்து, மிகைத்துடிப்பை அடக்குகின்றன. ஃபினோபார்பிட்டோன் மூளையில் இயல்பாகவே உள்ள அமைதிப்படுத்தும் ஆற்றலை வலுப்படுத்துகிறது.

இம்மருந்துகள் நோயின் வேரைக் களைவன அல்ல; வலிப்பு எழாது காப்பன. குருதியில் போதிய அளவு மருந்து உள்ளவரையே அக்காவல் நிற்கும். வலிப்பு நின்றுவிட்டதே என்றோ, திருமணப் பேச்சின்போது பிறர் அறியலாகாது என்றோ மாத்திரையைத் திடீரென நிறுத்துவோர் உளர். அதனால் வலிப்பு ஓயாது தொடர்ந்து உயிருக்கே ஊறு நேரலாம். முறையாக மருந்துண்டால் நூற்றுக்கு எழுபது பேர்வரை வலிப்பின்றி வாழ இயலும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். பொதுவாக ஈராண்டேனும் வலிப்பின்றிக் கழிந்த பின்னரே, மருத்துவர் ஆராய்ந்து மருந்தைச் சிறிது சிறிதாகக் குறைப்பார்.

வால்ப்ரோயேட் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடும். ஆதலின் மணமான பெண்கள் கருவுறுமுன்பே மருத்துவரிடம் கலந்துகொள்ளுதல் வேண்டும். ரமலானில் நோன்பு நோற்க விழைவோரும் மருந்து வேளைகளை முன்னரே கேட்டறிக. நோயுற்றோர்க்கு மார்க்கம் சலுகை அளித்துள்ளதை நாம் அறிவோம்.

வலிப்புற்றவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் பயனில்லை. வாயில் எதனையும் இடலாகாது. துடிப்பை அடக்க முயலாமல், தலைக்கடியில் மென்துணி வைத்து, ஒருக்களித்துப் படுக்கச் செய்க. ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

மறைக்க வேண்டியது நோயன்று. களைய வேண்டியது அறியாமையே. மருந்தை நாள்தோறும் தயக்கமின்றி உண்ணும் சூழலை இல்லத்திலும் கல்லூரியிலும் உருவாக்குவது நம் அனைவரின் கடமையாகும்.