என்டர் தட்டியாச்சா? இனி எதையும் தொடாதீங்க!

அழகர் ஆத்துல இறங்குற விடியக்காலை. கூட்டத்துல முட்டி மோதி 600 போட்டோ எடுக்கிறீங்க. வீட்டுக்கு வந்ததும் லினக்ஸ் டெர்மினலைத் திறந்து, மெமரி கார்டில் இருக்கும் அத்தனை படத்தையும் ‘சித்திரை’ என்ற ஃபோல்டருக்குள் தள்ள, ‘எம்.வி.’ கட்டளையை ஒரு லூப்பில் போட்டு என்டர் தட்டுறீங்க. ஒரே ஒரு சின்ன விஷயம்... அந்த ஃபோல்டரை நீங்க உருவாக்கவே இல்லை!

என்ன ஆகும்? முதல் போட்டோவின் பெயரே ‘சித்திரை’ என்று மாறிடும். இரண்டாவதும் அதே பெயருக்கு மாறி முதலாவதைக் காலி செய்யும். மூன்றாவது, இரண்டாவதை... கடைசியில் மிஞ்சுவது ஒரே ஒரு ஃபைல். ரீசைக்கிள் பின்னா? டெர்மினலில் அதெல்லாம் கிடையாது பாஸ்!

‘சி.பி.’யிலும் ஒரு கண்ணி இருக்கு. இரண்டே இரண்டு சி புரோகிராம் இருக்கும் ஃபோல்டரில், எங்கே காப்பி பண்ணணும் என்பதை மறந்து ஸ்டார் மட்டும் போட்டால், ஸ்டார் இருந்த இடத்தில் ஷெல் அந்த இரண்டு பெயரையும் வைத்துவிடும். முதல் ஃபைல் இரண்டாவதன் மேல் ஏறி உட்கார்ந்துக்கும். நாளைக்கு புராஜெக்ட் ரிவ்யூன்னா, சொல்லவே வேண்டாம்.

இப்போ நல்ல செய்தி. ஃபைல் அழிந்தது என்றால், அதன் டேட்டா அந்த நொடியே அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ‘இந்த இடம் காலி’ என்று குறித்து வைப்பதோடு சிஸ்டம் நின்றுவிடும். அடுத்து ஏதாவது ஒன்று அங்கே எழுதப்படும் வரை பழைய டேட்டா அப்படியே தூங்கும். அதனால்தான் ‘எம்.வி.’யில் போனது மீள நல்ல வாய்ப்பு இருக்கு. ‘சி.பி.’யில் வாய்ப்பு குறைவு. பழைய ஃபைலைக் காலி செய்த கையோடு புது டேட்டாவை எழுத ஆரம்பிப்பதால், அது பழைய இடத்திலேயே விழலாம்.

உண்மையில் ஃபைலைக் கொல்வது அதுக்கப்புறம் நாம பண்ற வேலைதான். பதற்றத்தில் ரெக்கவரி சாஃப்ட்வேரை அதே டிஸ்க்கில் டவுன்லோடு பண்ணுவோம். அது போய் உட்காரும் இடம், நீங்க தேடும் போட்டோ இருந்த இடமாகவே இருக்கலாம்!

முதலில், போன ஃபைல் ஏதாவது எடிட்டரில் திறந்திருக்கான்னு பாருங்க. திறந்திருந்தால் ‘ரீலோடு’ கேட்டாலும் கொடுக்காதீங்க. வேறு பெயரில் பென் டிரைவில் சேவ் பண்ணுங்க. 1980-களில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், ஒரு தப்பான கட்டளையால் ஒரு யூனிக்ஸ் கம்ப்யூட்டரின் சிஸ்டம் ஃபைல்களே காலியாகிக்கொண்டிருந்தன. பாதியில் நிறுத்தினார்கள். ஆனால் மெஷினை அணைக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த ஈமேக்ஸ் எடிட்டர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, மெஷின் கோடை கையாலேயே கணக்குப் போட்டு எழுதி, கொஞ்சம் கொஞ்சமாக மீட்டார்கள். பாவிங்க, என்ன தில்லு!

மெமரி கார்டு என்றால் உடனே அன்மவுண்ட் பண்ணி வெளியே எடுங்க. இன்னொரு கம்ப்யூட்டரில் ‘ஃபோட்டோரெக்’கைப் போடுங்க. 2011-ல் தொடங்கிய திட்டத்தில் தமிழக அரசு கொடுத்த பழைய லேப்டாப் பரணில் கிடந்தால் அதுவே போதும். (அதில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் வந்தது. உங்களைக் கூப்பிடலை, சி-டாக் அதுக்கு வைத்த பெயரே அதுதான்!) கிறிஸ்டோஃப் கிரெனியர் எழுதிய ஃபோட்டோரெக் முழுக்க இலவசம். ஃபைல் பெயரை நம்பாமல் டேட்டாவையே துழாவும். ஜேபெக் படங்கள் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற பைட்டுகளில்தான் தொடங்கும் என்பது அதுக்குத் தெரியும். கிடைப்பதை அதே கார்டில் சேமிக்காதீங்க. பெயரெல்லாம் போயிருக்கும். ஆனால் கேமரா பதிந்த தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே இருப்பதால், எதிர்சேவை எது, ஆற்றில் இறங்கியது எது என்று பிரித்துவிடலாம்.

எஸ்.எஸ்.டி. என்றால் கதையே வேற. ‘ட்ரிம்’ ஓடிவிட்டால் காலி இடத்தை டிஸ்க்கே துடைத்துவிடும். அப்புறம் ஃபோட்டோரெக்கும் கையை விரிக்கும்.

பேக்கப் இருக்குன்னு மிதப்பா இருக்கீங்களா? 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில், பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட்டே 77 டெராபைட்டை அழித்தது! ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்ட் மேலேயே புது ஸ்கிரிப்ட்டை மாற்றி வைத்ததுதான் காரணம். போனது சுமார் 3.4 கோடி ஃபைல்கள். பாதிக்கப்பட்டவை 14 ஆய்வுக் குழுக்கள். அதில் 4 குழுக்களின் டேட்டாவை பேக்கப்பில் இருந்தும் எடுக்க முடியவில்லை.

நம்ம லெவலுக்கு, ‘சி.பி.’, ‘எம்.வி.’ இரண்டோடும் ‘மைனஸ் ஐ’ சேர்த்துப் போடுங்க. ஒரு ஃபைல் மேல் இன்னொன்றை எழுதும் முன் ‘எழுதவா?’ என்று கேட்கும். 600 போட்டோவுக்கும் விடாமல் கேட்கும். கேட்கட்டுமே!