உங்களுக்குத் தெரியுமா? ஒரு நிமிட மூச்சிரைப்பும் மறந்துபோன முகமும்

மதுரை வில்லாபுரம் வீட்டு வசதி வாரியத் தெருக்களில் சங்கிலி பறித்தவனை ஒரு காவலர் துரத்திப் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருக்கிறது, பேச்சு வரவில்லை. வழியில் யாரைக் கடந்து வந்தார் என்று கேட்டால், சொல்வது கடினம்.

2012-ல் வெளியான ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. பிரிட்டனின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக உளவியலாளர் லொரெய்ன் ஹோப் குழுவினர் கனடாவின் வின்னிபெக் நகரக் காவலர்கள் 52 பேரைச் சோதித்தார்கள். பாதிப்பேர் தொங்கும் கனத்த தண்ணீர்ப் பையை முழு பலத்தோடு குத்தி உதைத்தார்கள். ஒரு நிமிடத்திலேயே களைத்துவிட்டார்கள். பிறகு எல்லோரும் ஒரு சந்தேக நபரைத் தேடிப் போன வழியில் வேறோர் ஆள் எதிர்ப்பட்டார். களைக்காதவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அவரைப் பற்றி ஏதேனும் ஒன்றைச் சரியாகச் சொன்னார்கள். களைத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கே அவரைப் பார்த்த நினைவு இருந்தது. ஆனால் கோபத்தோடு எதிரே நின்ற அந்தச் சந்தேக நபரை எல்லோருமே நினைவில் வைத்திருந்தார்கள். உடல் தவிக்கும்போது மூளை ஆபத்தையே முதலில் பற்றிக்கொள்கிறது. மற்றவை பலவும் பதியாமல் போகின்றன.

அவனியாபுரம் ஜல்லிக்கட்டிலும் அழகர் இறங்கும் வைகை ஆற்றிலும் மணிக்கணக்கில் கூட்டத்தோடு மல்லுக்கட்டும் காவலர்களும் இவர்களைப் போன்ற மனிதர்கள்தாம். அவர்கள் வாக்குமூலத்தில் ஒரு முகம் விடுபட்டால், உடனே பொய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.