அறையை முன்பதிவு செய்வதற்கு முன்: இது யாருடைய காணி?

சித்திரைப் புத்தாண்டு கழிந்துவிட்டால் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் எனக்கு ஒரே கேள்வி வரத் தொடங்கிவிடும். "யூலை கடைசியில பிள்ளைகளோட வாறம் அண்ணை. கடற்கரைப் பக்கம் நல்ல ஹோட்டல் ஒண்டு பார்த்துச் சொல்லுங்கோ." கூடவே நாலைந்து இணைப்புகளும் வரும். திறந்து பார்த்தால் நீச்சல் தடாகம், ஓலைக் குடை, வெண்மணல், நீலக்கடல். எல்லாப் படங்களும் ஒன்றுபோலவே இருக்கும்.

இப்போது வவுனியாவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் கூட இதே கேள்வி வருகிறது. அது எனக்கு மகிழ்ச்சியே. இடம்பெயர்வுகளிலும் பதுங்குகுழிகளிலும் சிறுவயதைக் கழித்த ஒரு தலைமுறை, இன்று தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடலில் குளிக்கப் போகிறது. அதில் குற்ற உணர்வு கொள்ள எதுவுமில்லை. ஓய்வும் சந்தோஷமும் எங்களுக்கும் வேண்டும்.

விடுதி தெரிவு செய்பவர்கள் வழக்கமாக மூன்று விடயங்களைக் கேட்பார்கள்: விலை என்ன, வசதி எப்படி, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பா? எங்கள் நிலத்தில் நாலாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அந்த விடுதி நிற்பது யாருடைய காணி, கொடுக்கும் காசு யாருடைய கைக்குப் போகிறது? இந்தக் கேள்விக்கு எப்படி விடை தேடுவது என்பதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

முதலில் காலநிலை

இலங்கைத் தீவில் வருடம் முழுவதும் எல்லாக் கரையும் குளிக்கத் தகுந்ததாக இருப்பதில்லை. ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் வரை கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா ஆகிய இடங்களுக்கு அதுவே உரிய காலம். அறுகம்குடாவில் அலைச்சறுக்கு விளையாட்டுக்கான பருவமும் ஏறத்தாழ இதே மாதங்கள்தான். அக்டோபர் பிற்பகுதியில் வடகீழ்ப் பருவமழையும் வாடைக்காற்றும் தொடங்கினால் கிழக்குக் கடல் குழம்பிவிடும். டிசம்பர் விடுமுறைக்கு வருபவர்களுக்குத் தெற்கும் மேற்கும்தான் பொருத்தம். கற்பிட்டியில் டொல்பின் பார்ப்பதற்கும் நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரையான காலமே நல்லது.

சிறுபிள்ளைகளோடு போகிறவர்களுக்குப் பாசிக்குடாவைத்தான் சொல்வேன். குடாவுக்குள் வெகுதூரம் நடந்து போனாலும் இடுப்பளவு தண்ணீர்தான். பவளப்பாறை பார்க்க விரும்புகிறவர்களுக்கு நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் புறாத்தீவு இருக்கிறது. 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட தீவு அது. யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் அறை கிடைப்பது கடினம். முன்கூட்டியே பதிவு செய்துவிட வேண்டும்.

நட்சத்திரங்கள் சொல்லாதவை

2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை, விடுதிகளைப் பதிவு செய்து தரம் பிரிக்கிறது. அறை, குளியலறை, சமையலறை, தீயணைப்பு வசதி போன்றவை அங்கே கவனிக்கப்படுகின்றன. பதிவுள்ள விடுதியில் தங்குவது நல்லது. ஆனால், நட்சத்திர எண்ணிக்கையைப் பார்த்து அந்த வளவில் முன்பு யார் குடியிருந்தார்கள் என்று அறிய முடியாது. முன்பதிவு இணையத்தளங்களின் மதிப்புரைகளிலும் அது வராது. காலை உணவு நன்றாக இருந்தது, வைஃபை மெதுவாக இருந்தது என்று எழுதுபவருக்கு வேலிக்கு அப்பால் நடந்த கதை தெரிய வாய்ப்பில்லை.

வெளிநாட்டுப் பயணிக்கும் எங்களுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். எங்களில் பலருக்கு அந்த வளவின் பழைய பெயர் தெரியும். தெரியாவிட்டாலும் தெரிந்த ஒருவரை விசாரிக்க முடியும்.

படையினர் நடத்தும் விடுதிகள்

போர் முடிந்த பின்னர் வடக்கு கிழக்கில் முப்படையினரும் விடுதித் தொழிலில் இறங்கினர். இது இரகசியமல்ல. அவர்களே விளம்பரம் செய்கிறார்கள். காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் நடத்திவந்த 'தல்செவன', கல்குடாவில் இராணுவத்தின் 'லயா வேவ்ஸ்', ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலுள்ள பழைய கடற்கோட்டையை ஒட்டிய கடற்படையின் 'ஹமன்ஹீல்', திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படையின் 'மாபிள் பீச்', பாணமவில் கடற்படையின் 'லகூன் கபானா' ஆகியவை அவற்றுள் அடங்கும். நந்திக்கடல் ஓரத்தில் கூட இராணுவம் ஒரு விடுமுறை இல்லத்தைத் திறந்தது. 2009 மே மாதத்தில் அந்த நீரேரியைக் கடந்து வந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தல்செவன என்ற சிங்களப் பெயருக்குப் பனை நிழல் என்று பொருள். வலிகாமம் வடக்கு மக்கள் 1990 யூன் மாதத்தில் அங்கிருந்து வெளியேறினார்கள். பின்னர் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக இருந்தது. 2013இல் 6,300 ஏக்கருக்கும் அதிகமான காணியை நிரந்தரமாகச் சுவீகரிக்க அறிவித்தல் வந்தபோது, காணிச் சொந்தக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். கட்டங்கட்டமாகப் பல பகுதிகள் விடுவிக்கப்பட்டன, எல்லாம் விடுவிக்கப்படவில்லை. சொந்தக்காரர் தன் கிணற்றடியைக்கூடப் பார்க்க முடியாமல் நலன்புரி முகாமில் இருந்த காலத்திலேயே, தெற்கிலிருந்து வந்த சுற்றுலாப் பயணி அந்தக் கரையில் அறை எடுத்துத் தங்க முடிந்தது.

இதில் பொருளாதாரக் கேள்வியும் இருக்கிறது. ஒரு படைக்கு ஆளணியும் வாகனமும் இடமும் ஏற்கெனவே இருக்கின்றன. வங்கிக் கடனில் நாலு அறை கட்டி, மகனையும் மருமகளையும் வேலைக்கு வைத்து விருந்தினர் விடுதி நடத்தும் குடும்பம் அதனோடு விலையில் எப்படிப் போட்டியிடும்? படையினரின் விடுதி மலிவாக இருக்கிறது என்று சொல்பவர்கள் அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்பதையும் யோசிக்க வேண்டும்.

இது தமிழர் பிரச்சினை மட்டுமல்ல. பாணமவில் 2010 யூலையில் ஆயுதம் தாங்கியவர்கள் வந்து குடிசைகளை எரித்து விரட்டிய ஏறத்தாழ 350 குடும்பங்களில் பெரும்பாலானவை சிங்களக் குடும்பங்கள். அந்தக் காணிகளைக் கடற்படையும் விமானப்படையும் எடுத்துக்கொண்டன. 340 ஏக்கரைத் திருப்பிக் கொடுக்க 2015 பெப்ரவரியில் அமைச்சரவை முடிவெடுத்த பிறகும் அந்த மக்கள் போராட வேண்டியிருந்தது. கரையோரக் காணிக்கு விலை ஏறினால் ஏழைகளே முதலில் வெளியேற்றப்படுகிறார்கள், அவர்கள் எந்த மொழி பேசினாலும்.

கடற்கரை விடுதியின் சொத்தா?

பாசிக்குடா போருக்கு முன்பே பெயர்பெற்ற விடுமுறை இடம். போரில் விடுதிகள் அழிந்தன. 2004இல் சுனாமியும் வந்தது. போர் முடிந்ததும் குடாவைச் சுற்றி ஒரு சுற்றுலா வலயம் அமைக்கப்பட்டு, வரிசையாகப் பெரிய விடுதிகள் எழுந்தன. கூடவே மீனவர்களின் முறைப்பாடுகளும் எழுந்தன: தோணி ஏற்றும் இடம் சுருங்கிவிட்டது, கடலுக்குப் போகும் பாதைகள் அடைபட்டுவிட்டன. அச்சுறுத்தப்பட்ட மக்களுக்கான சங்கம் என்ற சுவிஸ் அமைப்பு 2015இல் வெளியிட்ட அறிக்கை, பாசிக்குடா, குச்சவெளி, கற்பிட்டி ஆகிய மூன்று இடங்களிலும் இத்தகைய பிரச்சினைகளைப் பதிவு செய்தது.

சட்டத்தைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றரும் தாழ்நீர் மட்டத்திலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றரும் கரையோர வலயம். அதற்குள் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அபிவிருத்தி வேலை செய்ய முடியாது. அலை ஏறி இறங்கும் கரை அரசுக்குரியது. 'தனியார் கடற்கரை' என்று ஒரு விடுதி விளம்பரம் செய்தால், அது யாரோ நடந்த பாதையை அடைத்திருக்கிறது என்று நான் முதலில் சந்தேகிப்பேன்.

எப்படி விசாரிப்பது?

நான் செய்வது ஐந்து விடயங்கள். எதற்கும் பெரிய செலவில்லை.

1. உரிமையாளர் யார் என்று பாருங்கள். விடுதியின் இணையத்தளத்தில் 'எங்களைப் பற்றி' என்ற பகுதியைப் படியுங்கள். முப்படைகளின் இணையத்தளங்களிலும் அவர்களுடைய விடுதிகள் பற்றிய விபரம் கிடைக்கும். முற்பணம் கட்டச் சொன்னால், வங்கிக் கணக்கு எந்தப் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். தனியாருடையதா, கம்பனியுடையதா, ஒரு படைப்பிரிவுடையதா என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

2. பழைய படத்தைப் பாருங்கள். கணினியில் 'கூகிள் ஏர்த்' செயலியை இலவசமாகப் பெறலாம். அதில் பழைய செய்மதிப் படங்களை வருடவாரியாகத் திருப்பிப் பார்க்கும் வசதி உண்டு. இன்று நீச்சல் தடாகம் இருக்கும் இடத்தில் அன்று வீட்டுக்கூரைகளும் கிணறும் தென்னந்தோப்பும் இருந்தனவா, வாடிகள் இருந்தனவா என்று பார்க்கலாம். படம் தெளிவில்லாமல் இருக்கலாம், சில வருடங்களுக்கு இல்லாமலும் போகலாம். ஆனாலும் கேள்வி கேட்க அது ஒரு தொடக்கம்.

3. ஊரில் கேளுங்கள். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், கோயில் பரிபாலன சபை, பங்குத் தந்தை, பள்ளிவாசல் என்று எந்தக் கரையோரக் கிராமத்திலும் விடயம் தெரிந்த ஒருவர் இருப்பார். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஊர்ச் சங்கங்களே போதும். ஒரு வட்ஸ்அப் செய்தியில் பதில் வந்துவிடும்.

4. வேலை செய்பவர்கள் யார் என்று கேளுங்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்திருக்கிறதா? வரவேற்பு மேசையிலும் சமையலறையிலும் இருக்கிறார்களா, அல்லது தோட்டம் கூட்டும் வேலை மட்டும்தானா? மீன் எங்கே வாங்குகிறார்கள்? பட்டியலில் 10 சதவீதச் சேவைக் கட்டணம் போட்டிருந்தால், அது ஊழியர்களுக்குப் பகிரப்படுகிறதா?

5. போன பிறகு கரையோரமாக ஒரு காலை நடந்து பாருங்கள். தோணிகள் எங்கே நிற்கின்றன, கரைவலை இழுக்க இடம் இருக்கிறதா, வேலிகளுக்கிடையே ஊருக்குப் பாதை இருக்கிறதா என்று கண்ணாலேயே தெரியும்.

தமிழ் முதலாளி என்றால் போதுமா?

போதாது. புலம்பெயர் முதலீட்டில் வந்த விடுதிகள் எல்லாம் நல்லவை, மற்றவை எல்லாம் தீயவை என்று நான் சொல்ல வரவில்லை. கண்டல் காட்டை வெட்டிக் கட்டியவர்கள், கடற்கரைப் பாதையில் கதவு போட்டவர்கள், முன்னாள் போராளிப் பெண்களுக்கும் கணவனை இழந்த பெண்களுக்கும் மிகக் குறைந்த சம்பளம் கொடுத்து அதையே உதவி என்று சொல்பவர்கள் எங்களுக்குள்ளும் உண்டு. அதேபோல, ஊர் மக்களோடு ஒத்துப்போய், காணியை முறைப்படி வாங்கி, உள்ளூர்ப் பிள்ளைகளைப் பயிற்றுவித்து வேலை கொடுக்கும் சிங்கள, முஸ்லிம், வெளிநாட்டு முதலாளிகளும் இருக்கிறார்கள். கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்.

படையினரின் விடுதியில் வேலை செய்யும் தமிழ் இளைஞரையோ யுவதியையோ குறை சொல்வதும் நியாயமல்ல. வேறு வேலை இருந்திருந்தால் அவர்கள் அங்கே போயிருக்கத் தேவையில்லை. முப்பது வருடம் பார்க்காத காங்கேசன்துறைக் கடலைச் சாவதற்கு முன் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று தாயார் கேட்டதற்காக, அந்த விடுதியில் ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்த குடும்பம் எனக்குத் தெரியும். அவர்களிடம் யாரும் கணக்குக் கேட்க முடியாது. எது தாங்கும், எது தாங்காது என்பதை ஒவ்வொரு குடும்பமும்தான் தீர்மானிக்க வேண்டும். தெரிந்துகொண்டு தீர்மானிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்கிறேன்: ஐந்து இரவு தங்குவதென்றால், குறைந்தது இரண்டு இரவையாவது ஒரு குடும்பம் நடத்தும் விருந்தினர் விடுதியில் கழியுங்கள். இணையத்தளத்தில் பார்த்துவிட்டு நேரடியாகத் தொலைபேசியில் பேசிப் பதிவு செய்யுங்கள்; இணையத்தளம் எடுக்கும் தரகு அவர்களுக்கு மிஞ்சும். படகுக்கு ஊர் மீனவரைக் கேளுங்கள். எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். மதியச் சாப்பாட்டை ஊர்க்கடையில் சாப்பிடுங்கள்.

திரும்பிப் போன பின் மதிப்புரை எழுதும்போது, காலை உணவைப் பற்றி எழுதுங்கள். அதோடு இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள்: கடற்கரைக்குப் போகும் பாதை ஊர் மக்களுக்குத் திறந்திருந்ததா, ஊர்ப் பிள்ளைகள் அங்கே வேலை செய்தார்களா? அடுத்த வருடம் அறை தேடும் இன்னொரு குடும்பத்துக்கு அந்த இரண்டு வரியும் உதவும்.